வடம் பிடிச்சது யாரு?

ஃபைனல் இயர் பிராஜெக்ட் டீம் என்றால் அதற்கு ஒரு ஃபார்முலா உண்டு. நாலு பேர். ஒருத்தர் புரோகிராம் எழுதுவார், ரிப்போர்ட் அடிப்பார், ராத்திரி முழுக்க கண் விழிப்பார். அடுத்தவர் அதைக் கொண்டுபோய் பிரின்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் பண்ணிட்டு வருவார். மூணாவது ஆள் கண் விழித்தவருக்கு டீ வாங்கிக் கொடுப்பார். நாலாவது ஆள்? அவர் பேர் முதல் பக்கத்தில் இருக்கும். அவ்ளோதான்!

வைவா அன்னிக்கு எக்ஸ்டர்னல் நிதானமாகக் கேட்பார். "இந்த மாட்யூல் யார் பண்ணினது?" மூணு தலையும் ஒரே பக்கம் திரும்பும்.

சிரிக்கிறீங்களா? சிரிங்க. ஆனால் அந்த நாலாவது ஆளைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிங்க. அவர் எப்பவும் சோம்பேறியாக இருக்கணும்னு இல்லை. முதல் மீட்டிங்கில் அவரிடமும் ஒரு ஐடியா இருந்திருக்கலாம். நாலு பேர் பேசுற வேகத்தில் உள்ளே நுழைய இடம் கிடைக்கலை. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர், எல்லாரும் இங்கிலீஷில் பொரிந்து தள்ளும்போது "அப்புறம் சொல்லிக்கலாம்" என்று விட்டிருப்பார். அந்த அப்புறம் வரவே இல்லை. இரண்டாவது மீட்டிங்கில் சும்மா தலையாட்டினார். மூணாவது மீட்டிங்குக்கு வரவே இல்லை. படிக்கிற காலத்தில் சொந்தமாக ஒன்றைச் செய்து பார்க்கக் கிடைத்த ஒரே சான்ஸ், போயே போச்சு.

இந்த வார மேட்டர் மைண்ட் மேப்பிங் மென்பொருள். நடுவில் ஒரு தலைப்பு, அதிலிருந்து மரம் மாதிரி கிளைகள், கிளையில் இருந்து சின்னக் கிளைகள். கலர் கலராக வரைவது எப்படின்னு எந்த வீடியோவைப் பார்த்தாலும் அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடும். நாம பேசப்போறது வேற. நாலு பேர் மூளையும் ஒரே மேப்பில் வந்து உட்காருவது எப்படி? அந்த நாலாவது ஆளும் சேர்த்துத்தான்.

கயிறு ஒண்ணு, கை நிறைய

ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குத் தெரிந்த கதை. வடத்தில் நூறு கை இருக்கும். அதில் நிஜமாகவே இழுக்கிற கை எத்தனை, சும்மா தொட்டுக்கொண்டு வருகிற கை எத்தனை? இந்தக் கேள்வியை ஒருத்தர் சீரியஸாகவே எடுத்துக்கொண்டார். பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான். ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து, விசையை அளந்தார். 1913-ல் அந்த முடிவுகள் வெளிவந்தன. ஆள் கூடக் கூட மொத்த விசை கூடியது. ஆனால் ஆளுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் சேர்ந்தபோது, தனியாக இழுத்ததில் ஏறக்குறைய பாதிதான் ஒவ்வொருவர் பங்கும்!

எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காதது ஒரு காரணம். இன்னொரு காரணம், "அதான் அவங்க இழுக்கிறாங்களே" என்ற நினைப்பு. 1979-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்க்கின்ஸ் என்ற மூன்று உளவியலாளர்கள் மாணவர்களைக் கைதட்டச் சொன்னார்கள், கத்தச் சொன்னார்கள். கூட்டத்தோடு கத்துகிறோம் என்று நினைத்தவுடனே ஒவ்வொருவர் குரலும் இறங்கியது. நம்ம கிளாஸில் "குட் மார்னிங் சார்" சொல்கிற மாதிரிதான்.

அதைவிட முக்கியமானது 1981-ல் அதே குழு செய்த அடுத்த சோதனை. "கூட்டமாகக் கத்தினாலும் உங்க குரல் தனியா அளக்கப்படுது" என்று சொன்னார்கள். உடனே அந்த ஒப்பேற்றல் காணாமல் போனது. திட்டவில்லை, மார்க் குறைக்கவில்லை. அவரவர் பங்கு தனியாகத் தெரியும் என்பது போதுமானதாக இருந்தது.

இதை மனசில் வெச்சுக்கங்க. மைண்ட் மேப்பில் நமக்கு இது தேவைப்படும்.

தலை நாலு, வாய் ஒண்ணு

"வாங்கடா உட்கார்ந்து பேசலாம், ஐடியா தானா வரும்" என்போம். இதற்கு பிரெய்ன்ஸ்டார்மிங் என்று பேர் வைத்துப் பரப்பியவர் அலெக்ஸ் ஆஸ்பர்ன், அமெரிக்க விளம்பர உலகப் புள்ளி. யாரும் யாரையும் விமர்சிக்காதீங்க, வாய்க்கு வந்ததைச் சொல்லுங்க, ஐடியா கொட்டும் என்றார்.

1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம், நாலு நாலு பேராக உட்கார்ந்து பேசும் குழுக்கள். இன்னொரு பக்கம், தனித்தனியாக யோசித்தவர்கள். நாலு பேர் பட்டியலைச் சேர்த்து, ஒரே யோசனை திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் எண்ணினார்கள். கொடுத்த கேள்விகளில் ஒன்று செம ஜாலி: மனிதர்களுக்கு ஒவ்வொரு கையிலும் கூடுதலாக ஒரு கட்டைவிரல் முளைத்தால் என்ன ஆகும்? முடிவு? தனித்தனியாக யோசித்த நாலு பேரின் பட்டியல், சேர்ந்து பேசிய நாலு பேரின் பட்டியலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம்.

ஏன் இப்படி? ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் டீல், ஸ்ட்ரோபே என்ற இருவர் 1987-ல் இதைத் துருவினார்கள். ஆட்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து, ஒருத்தர் பேசும்போது மற்றவர்கள் பேச முடியாதபடி விளக்கு வைத்துத் தடுத்தார்கள். அறையில் தனியாக இருந்தும் யோசனைகள் சரிந்தன. அதாவது பயம், வெட்கம், சோம்பேறித்தனம் எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, தன் முறைக்காகக் காத்திருப்பதுதான். காத்திருக்கும்போது ஐடியா மறக்கும். இல்லேன்னா, "இது தேறாது" என்று நாமே அடித்துவிடுவோம்.

இப்போ மைண்ட் மேப் மென்பொருளின் அருமை புரியுதா? மேப்பில் ஒரே நேரத்தில் நாலு பேர் நாலு கிளையில் எழுதலாம். யார் வாயும் யார் வாயையும் அடைக்காது. அதோடு, கிளையில் எழுதுவது இரண்டு மூணு வார்த்தைதான். கிராமர் பயம் வேண்டாம். தமிழில் எழுதலாம், இங்கிலீஷில் எழுதலாம், கலந்தும் எழுதலாம். கூச்சப்படுகிறவருக்கு இதைவிட நல்ல கதவு வேறு இல்லை.

குட்டி ஃப்ளாஷ்பேக்

மைண்ட் மேப் என்ற பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் இங்கிலாந்தின் டோனி பூஸான். 1974-ல் பிபிசி டிவியில் ஒரு தொடர் நடத்தி, அதே ஆண்டு புத்தகமும் போட்டார். அவர் சொன்னது பெரும்பாலும் ஒரு ஆள், ஒரு பேப்பர், கலர் பேனாக்கள் என்ற கதை.

பல பேர் சேர்ந்து ஒரே மரத்தை வளர்க்கும் கதை அதற்கும் முந்தையது. 1968 டிசம்பர் 9, சான் பிரான்சிஸ்கோ. டக்ளஸ் எங்கெல்பார்ட் என்ற இன்ஜினியர் மேடையில் ஒரு கம்ப்யூட்டர் டெமோ காட்டினார். உலகம் முதன்முதலாகப் பொது மேடையில் மவுஸைப் பார்த்தது அன்றுதான். அதில் அவர் செய்து காட்டிய வேலைகளில் ஒன்று, மளிகை லிஸ்ட்! ஒரு பட்டியலைப் போட்டு, அதை வகை வகையாகப் பிரித்து, தலைப்புக்குக் கீழ் உள் தலைப்பாக அடுக்கினார். பிறகு சுமார் 30 மைல் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த சக ஆய்வாளர் பில் பாக்ஸ்டனை, அவர் முகத்தோடு அதே திரைக்குக் கொண்டுவந்தார். இரண்டு பேர், இரண்டு ஊர், ஒரே திரை.

அடுத்த சிக்கல்: இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் திருத்தினால்? நீங்க வாக்கியத்தின் ஆரம்பத்தில் ஒரு வார்த்தையை நுழைக்கிறீங்க. அதே நொடியில் உங்க ஃப்ரெண்ட் பத்தாவது எழுத்தை அழிக்கிறார். நீங்க எல்லாவற்றையும் தள்ளிவிட்டதால் அந்தப் பத்தாவது எழுத்து இப்போ வேற எழுத்து! ஃப்ரெண்டின் கட்டளையை உங்க மாற்றத்துக்கு ஏற்ப மென்பொருளே திருத்திக்கொள்ளும் வழியை 1989-ல் க்ளாரன்ஸ் எல்லிஸ், சைமன் கிப்ஸ் இருவரும் எழுதினார்கள். அவர்கள் அதைச் செய்து பார்த்த மென்பொருளின் பெயர் க்ரோவ். பல பேர் சேர்ந்து தலைப்பு, உள் தலைப்பு அடுக்கும் எடிட்டர் அது. இன்று ஒரே ஃபைலில் பத்துப் பேர் சேர்ந்து டைப் அடிக்கிறோமே, அதற்கான முக்கியமான வழிகளில் ஒன்று இப்படி ஒரு தலைப்பு மரத்தை வளர்க்கப் போய்க் கிடைத்ததுதான்.

எல்லிஸ் பற்றி ஒரு வரி. 15 வயசில் அவருக்கு சிகாகோவில் ஒரு கம்பெனியில் ராத்திரிக் காவல் வேலை. காவல் காக்க வேண்டிய பொருள், கம்ப்யூட்டர். அதைத் தொடக் கூடாது. கூட இருந்த மேனுவல்களைப் படித்தே கற்றுக்கொண்டார். 1969-ல் கம்ப்யூட்டர் சயன்ஸில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் ஆனார். நாலாவது ஆளுக்கு இடம் கொடுக்கும் கருவிக்குப் பின்னால், ஓரமாக உட்கார்ந்து படித்த ஒரு பையன் இருந்திருக்கிறார். சூப்பர் இல்ல?

மெஸ்ஸில் மிஞ்சிய சோறு

சரி, கதை போதும். செய்முறைக்கு வருவோம். உதாரணத்துக்கு ஒரு மினி பிராஜெக்ட்: ஹாஸ்டல் மெஸ்ஸில் வீணாகும் சாப்பாடு. நாலு பேர் டீம்.

முதல் வேலை, நடுவில் என்ன எழுதுவது? "உணவு வீணாதல்" என்று போட்டால் கிளைகள் கட்டுரை மாதிரி வரும்: முன்னுரை, காரணங்கள், தீர்வுகள், முடிவுரை. இதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். எதுவும் புதுசாக வராது. நடுவில் ஒரு கேள்வியைப் போடுங்க. "நம்ம மெஸ்ஸில் ராத்திரிச் சாப்பாடு ஏன் மிஞ்சுது?" கேள்வி போட்டால் மூளை பதில் தேடும்.

இரண்டாவது, பத்து நிமிஷம் யாரும் பேசக் கூடாது. நாலு பேரும் தனித்தனி மேப். லேப்டாப் இல்லாதவர் நோட்டில் போடட்டும், மொபைலில் போடட்டும். யேல் பாடம் நினைவிருக்கா? முதலில் தனியாக, அப்புறம் சேர்ந்து. இந்தப் பத்து நிமிஷத்தை மட்டும் விட்டுடாதீங்க. ஆரம்பத்திலேயே ஒருத்தர் மேப்பைத் திறந்து வைத்து "சொல்லுங்க, நான் டைப் பண்றேன்" என்றால் முடிஞ்சது கதை. டைப் பண்றவர் மூளைதான் மேப் ஆகும்.

மூணாவது, நாலையும் ஒரே மேப்பில் கொட்டுங்க. எதையும் அழிக்காதீங்க. இப்போதுதான் வேடிக்கை. ஒருத்தர் மேப்பில் "டேஸ்ட் இல்லை" என்று பெரிய கிளை. அடுத்தவர் மேப்பில் "ஹோட்டல், பார்சல்" என்று ஒரு கிளை. இன்னொருத்தர் "வெள்ளிக்கிழமை ஊருக்குப் போறவங்க" என்று எழுதியிருக்கிறார். நாலாவது ஆள் மேப்பில் மொத்தமே மூணு கிளைதான். அதில் ஒண்ணு: "தட்டில் மிஞ்சுவது வேற, அண்டாவில் மிஞ்சுவது வேற."

அட! அதுவரைக்கும் மூணு பேரும் இரண்டையும் ஒண்ணாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தட்டில் மிஞ்சினால் அது ருசி, அளவு சம்பந்தப்பட்டது. அண்டாவில் மிஞ்சினால் சோறு நல்லாத்தான் இருக்கு. சாப்பிட ஆள் வரலை. அப்போ கேள்வியே வேற. சமையல் மாஸ்டர் எத்தனை பேருக்கு உலை வைக்கிறார்? அந்தத் தலைக்கணக்கு அவருக்கு எத்தனை மணிக்குக் கிடைக்கிறது? "மெஸ் ரேட்டிங் ஆப்" என்று ஆரம்பித்த பிராஜெக்ட், "இன்னிக்கு ராத்திரி சாப்பிட வரமாட்டேன்னு மதியமே சொல்ல ஒரு வழி" என்று மாறிவிடும். சின்ன வேலைதான், ஆனால் நிஜமான வேலை. பேச்சு வேகத்தில் அந்த ஒரு வரி மேசைக்கே வந்திருக்காது.

நாலு மேப்பும் ஒரே மாதிரி இருக்கும் இடம் பத்திரமான இடம். வித்தியாசப்படும் இடத்தில்தான் பிராஜெக்ட் இருக்கிறது. அங்கே உட்கார்ந்து பேசுங்க.

நாலாவது, கிளைக்குக் கிளை பேர் எழுதுங்க. ஒரு கிளைக்கு ஒரே ஒரு பேர், ஒரு தேதி. "எல்லாரும்" என்று எழுதக் கூடாது. எல்லாரும் என்றால் யாரும் இல்லை என்று அர்த்தம். "ஒரு வாரம் அண்டாவில் மிஞ்சுவதை எடை போடுவது: இவர், 14-ம் தேதிக்குள்." "சமையல் மாஸ்டரிடம் பேசுவது: அவர், புதன்கிழமை." உதவிக்கு யார் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் பொறுப்பு ஒருத்தருக்கு. 1981 சோதனை சொன்னது இதைத்தான். பேர் தெரிந்தால் குரல் தானாக ஏறும்.

பேர் எழுதும்போதே ஒரு உண்மை கண்ணுக்குத் தெரியும். ஒரே பேர் ஒன்பது கிளையில், இன்னொரு பேர் ஒரு கிளையிலும் இல்லை. இதை வாயால் சொன்னால் சண்டை. மேப்பில் இருந்தால் அது வெறும் கணக்கு. யாரையும் குத்திக்காட்டாமல் "இதுல ரெண்டு கிளையை நீ எடுத்துக்கறியா?" என்று கேட்க முடியும்.

சண்டையையும் கிளையாக்குங்க

டீம் என்றால் கருத்து மோதல் வரும். ஆப் பண்ணலாமா, மெஸ் வாசலில் ஒரு போர்டு வெச்சால் போதுமா? அரை மணி நேரம் கத்திவிட்டு, சத்தமாகக் கத்தினவர் ஜெயிப்பார். அடுத்த வாரம் ஏன் அப்படி முடிவு பண்ணினோம்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. ரிவ்யூவில் கைடு கேட்டால் திருதிரு!

இதற்கு ஒரு பழைய, எளிமையான வழி இருக்கிறது. நகரத் திட்டமிடல் மாதிரி சிக்கலான பிரச்சினைகளை எப்படி விவாதிப்பது என்று யோசித்த ஹோர்ஸ்ட் ரிட்டல், வெர்னர் குன்ஸ் என்ற இருவர் 1970-ல் ஒரு முறையைச் சொன்னார்கள். கேள்வி ஒரு கட்டம். அதற்கு யார் சொல்லும் பதிலும் அதன் கீழே ஒரு கிளை. ஒவ்வொரு பதிலுக்கும் கீழே, ஆதரவு ஒரு பக்கம், எதிர்ப்பு ஒரு பக்கம்.

நம்ம மேப்பில் போட்டுப் பாருங்க. "எப்படிச் சொல்ல வைப்பது?" என்பது கேள்வி. கீழே "ஆப்" ஒரு கிளை: ஆதரவு, கணக்கு தானாகக் கூடும், எதிர்ப்பு, எல்லாரும் இன்ஸ்டால் பண்ணணும். "போர்டு" ஒரு கிளை: ஆதரவு, செலவே இல்லை, எதிர்ப்பு, யார் பேரில் யார் எழுதினாங்கன்னு தெரியாது. இப்படி எழுதிவிட்டால் மோதல் இரண்டு ஆட்களுக்கு நடுவில் இருக்காது. இரண்டு கிளைகளுக்கு நடுவில் இருக்கும். தோற்ற கிளையை வெட்டிப் போடாதீங்க. மங்கலான கலரில் அப்படியே விட்டுடுங்க. "வேறு வழி யோசிச்சீங்களா?" என்று கேட்டால் காட்ட அதுதான் ஆதாரம்.

எந்த சாப்ட்வேர் பாஸ்?

நேரலையில் பல பேர் சேர்ந்து வரைய, பிரவுசரிலேயே ஓடும் மைண்ட்மீஸ்டர், மைண்டோமோ, காகிள் மாதிரி சேவைகள் இருக்கின்றன. மைண்ட்மீஸ்டரும் மைண்டோமோவும் 2007-ல் வந்தவை. லிங்க் அனுப்பினால் போதும், நாலு பேரும் நாலு ஊரில் இருந்தும் எழுதலாம். இலவசக் கணக்கு உண்டு, ஆனால் எத்தனை மேப், என்னென்ன வசதி என்பதற்கு வரம்பு இருக்கும். சிலவற்றில் இலவச மேப் ஊருக்கே தெரியும்படி திறந்திருக்கும். அதனால் யார் போன் நம்பரையும், சர்வேயில் யார் என்ன சொன்னார்கள் என்பதையும் அதில் போடாதீங்க. லிங்க் அனுப்பும்போது "பார்க்க மட்டும்" எது, "திருத்தலாம்" எது என்று பார்த்து அனுப்புங்க.

நெட் இல்லாத லேப் கம்ப்யூட்டரா? ஃப்ரீப்ளேன் இருக்கிறது. ஃப்ரீமைண்ட் என்ற பழைய திறந்த மூல மென்பொருளில் இருந்து கிளை பிரிந்து வளர்ந்தது. முழுக்க இலவசம். நேரலையாகச் சேர்ந்து எழுத முடியாது, ஆனால் ஃபைல் எக்ஸ்எம்எல் வடிவில் இருப்பதால் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரிலேயே திறந்து பார்க்கலாம். ஆளுக்கு ஒரு கிளையைத் தனி ஃபைலாகச் செய்து, கடைசியில் ஒருத்தர் ஒட்டிவிடலாம்.

ஒரே லேப்டாப்தான் இருக்கிறதா? அப்போ ஒரு விதி: கீபோர்ட் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கை மாறணும். லேப்டாப் யாருடையது என்பதால் பிராஜெக்ட் யாருடையது என்று ஆகிவிடக் கூடாது. லேப்டாப்பே இல்லையா? பழைய காலண்டர் தாளின் பின்பக்கமும் நாலு கலர் பேனாவும் போதும். ஆளுக்கு ஒரு கலர். முடித்ததும் மொபைலில் ஒரு போட்டோ. யார் எது எழுதினார் என்பது கலரிலேயே தெரிந்துவிடும்.

அந்த ஏஐ பட்டன்

இன்னிக்கு பல மேப்பிங் மென்பொருள்களில் ஏஐ பட்டன் வந்துவிட்டது. தலைப்பைக் கொடுத்துவிட்டு ஒரு அமுக்கு, முப்பது கிளை ரெடி. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த முப்பது கிளையில் யார் பேரும் இல்லை. உங்க மெஸ் சமையல் மாஸ்டர் எத்தனை மணிக்கு உலை வைக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. நாலு பேரில் ஒருத்தர் சும்மா இருந்த நிலை போய், நாலு பேருமே சும்மா இருக்க ஒரு வழி கிடைத்துவிட்டது.

வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் நாலு பேரும் யோசிங்க, மேப்பைச் சேருங்க. அப்புறம் பட்டனை அமுக்கி, "நாம விட்டது ஏதாவது இருக்கா?" என்று பாருங்க. அதை அஞ்சாவது ஆளாக வெச்சுக்கங்க. அது சொல்வதை எடுத்துக்கொண்டால், அந்தக் கிளைக்கும் நம்மில் ஒருத்தர் பேர் எழுதணும். சரியா தப்பா என்று பார்க்கும் பொறுப்பு அவருடையது.

மேப் செய்யாத வேலை

மைண்ட் மேப் எல்லாத்துக்கும் மருந்து இல்லை. மரத்தில் ஒரு கிளைக்கு ஒரே தாய்க்கிளைதான். நிஜத்தில் ஒரு விஷயம் நாலு விஷயத்தோடு பின்னிக் கிடக்கும். "வெள்ளிக்கிழமை" என்ற கிளை தலைக்கணக்கிலும் வரும், மளிகைச் செலவிலும் வரும். அப்படிப் பின்னல் அதிகமானால், கோட்டின் மேலேயே உறவை எழுதும் கான்செப்ட் மேப்புக்கு மாறுங்க. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜோசப் நோவாக் 1970-களில் உருவாக்கிய முறை அது. அதற்கென்றே சிமேப்டூல்ஸ் என்று இலவச மென்பொருள் உண்டு.

இன்னொண்ணு, மேப் ரிப்போர்ட் ஆகாது. படிக்கிறவருக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லணும். எதை முதலில் சொல்வது என்று மேப் சொல்லாது. நீங்கதான் முடிவு பண்ணணும். இருநூறு கிளை வளர்ந்துவிட்டால் அதைப் போட்டவரே பார்க்கமாட்டார். மாதம் ஒருமுறை உட்கார்ந்து, முடிந்த கிளைகளை மடக்கி வையுங்க.

கடைசியாக ஒரு சின்ன டெஸ்ட். அடுத்த ரிவ்யூவுக்கு முந்தின நாள் மேப்பைத் திறங்க. சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஒவ்வொருத்தரும் தன் பேர் இல்லாத ஒரு கிளையை இரண்டு நிமிஷம் விளக்கணும். இவர் செய்ததை அவர் சொல்லணும், அவர் செய்ததை இவர். தடுமாறுகிற இடத்தில் அந்தக் கிளைக்காரர் சொல்லிக் கொடுக்கணும். ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த ஒரு மணி நேரத்தில், ஒரு கிளைகூட இல்லாமல் யாராவது உட்கார்ந்திருந்தால், அது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அப்போ அவரைத் திட்டாதீங்க. கீபோர்டை அவர் பக்கம் தள்ளி, "நீ என்ன நினைக்கிற? எழுது" என்று சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இருங்க.

அவர் எழுதும் முதல் கிளை என்னவாக இருக்கும்னு யாருக்கும் தெரியாது. பிராஜெக்ட்டின் ஜாலியே அதுதானே!

அடுத்த வாரம் வேற மேட்டரோடு சந்திப்போம். வரட்டா?